திறந்த இதய அறுவைக்குப் பின் தற்காலிக பேஸிங்: யாருக்கு, எந்த அறைக்கு, எத்தனை நாள்?

பைபாஸ் அல்லது வால்வு அறுவை முடிந்து நெஞ்செலும்பை மூடுவதற்கு முன், இதயத்தின் மேற்பரப்பில் ஓரிரு மெல்லிய உலோகக் கம்பிகளைப் பொருத்தி, மறுமுனையை மேல்வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவருவது பல மருத்துவமனைகளில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். ஐ.சி.யு.வில் இவற்றை ‘பேஸிங் வயர்’ என்பார்கள். இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தால், இந்தக் கம்பிகளைக் கட்டிலருகே உள்ள பேஸ்மேக்கர் பெட்டியில் இணைத்து, இதயத்துக்கு வேண்டிய மின்தூண்டலை வெளியிலிருந்து கொடுக்கலாம். இதயம் தன் தாளத்தை மீட்டுக்கொண்டதும் கம்பியை இழுத்து எடுத்துவிடலாம்.

ஏற்பாடு எளிமையானது. அதைச் சுற்றியுள்ள கேள்விகள் எளிமையானவை அல்ல. எல்லா நோயாளிக்கும் கம்பி வேண்டுமா? மேலறையைத் தூண்டுவதா, கீழறையையா, இரண்டையுமா? நிரந்தர பேஸ்மேக்கர் தேவை என்று முடிவெடுக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? வயதுவந்தோரின் இதய அறுவையை மையமாக வைத்து, இக்கேள்விகளுக்கு இதுவரை வந்துள்ள விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

வழக்கம் தோன்றிய சூழல்

1952-இல் பாஸ்டன் மருத்துவர் பால் ஸோல், நெஞ்சின் தோல்மீது மின்முனைகளை வைத்து, நின்றுபோகும் நிலையிலிருந்த இதயங்களைத் துடிக்கவைக்க முடியும் என்று காட்டினார். உயிர் காத்த அந்த முறையின் குறை வலி. தோலையும் நெஞ்சுத் தசைகளையும் கடந்து இதயத்தை எட்டும் அளவுக்கு மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருந்ததால், விழித்திருக்கும் நோயாளியால் அதை நெடுநேரம் தாங்க முடியவில்லை.

அதே பத்தாண்டில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ட்டன் லில்லெஹெய் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து, கீழறைகளுக்கு இடையிலான துளைகளை மூடத் தொடங்கியிருந்தார். அந்தத் துளைகளின் விளிம்பை ஒட்டியே இதயத்தின் மின்கடத்துப் பாதை செல்கிறது. ஒரு தையல் சற்று விலகினாலும் மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போகாது. முழு ஹார்ட் பிளாக் ஏற்படும். துளை சரியாக மூடப்பட்ட பிறகும் அதனால் குழந்தைகள் இறந்தார்கள். உடலியல் அறிஞர் ஜாக் ஜான்சன் ஒரு யோசனை சொன்னார்: ஆய்வகத்தில் பயன்படும் மின்தூண்டியிலிருந்து ஒரு கம்பியை நேராக இதயத் தசைக்கே கொண்டுபோகலாம். விலங்குகளில் சோதித்துப் பார்த்த பின், 1957 ஜனவரியில் ஒரு சிறுமிக்கு அது முதன்முறையாகப் பயன்பட்டது. தோலைக் கடக்க வேண்டியில்லாததால் சில வோல்ட் போதுமானதாக இருந்தது, வலியும் இல்லை.

அந்தத் தூண்டிகள் சுவர் மின்சாரத்தை நம்பியிருந்தன. 1957 அக்டோபர் இறுதியில் மினியாபொலிஸ் வட்டாரத்தில் நேர்ந்த மின்தடை, அந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்று உணர்த்தியது. லில்லெஹெய் கேட்டுக்கொண்டதன்பேரில், மெட்ரானிக் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான எர்ல் பாக்கன், ஒரு மின்னணு இதழில் வந்திருந்த மெட்ரோனோம் சுற்றை மாற்றியமைத்து, மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் பேஸ்மேக்கரைச் சில வாரங்களில் உருவாக்கினார். இன்றைய கட்டிலருகுப் பெட்டிகள் அதன் வழித்தோன்றல்களே.

இந்த வரலாறு பின்வந்த விவாதத்தைப் பெரிதும் வடிவமைத்தது. கம்பி இல்லையென்றால் குழந்தை இறந்துவிடும் என்ற நிலையில் பிறந்த வழக்கம், அந்த ஆபத்து மிகக் குறைவாக உள்ள வயதுவந்தோரின் பைபாஸ் அறுவைக்கும் ஏறக்குறைய கேள்வியின்றிப் பரவியது.

அறுவைக்குப் பின் தாளம் ஏன் தடுமாறுகிறது

காரணங்கள் இரு வகைப்படும். முதல் வகை உடற்கூறு சார்ந்தது. மேலறை–கீழறைக் கணுவிலிருந்து இறங்கும் ஹிஸ் கற்றை, அயோர்ட்டா வால்வின் வலது இதழும் பின் இதழும் சந்திக்கும் இடத்துக்கு நேர் கீழே செல்கிறது. டிரைகஸ்பிட் வால்வின் இடைச்சுவர் ஓரமும் அக்கணுவுக்கு மிக அருகில் உள்ளது. சுண்ணாம்பு படிந்த வால்வைச் செதுக்கி எடுக்கும்போதும், புதிய வால்வைத் தைத்து இருத்தும்போதும் இப்பகுதி நசுங்கலாம், வீங்கலாம், அறுபடவும் செய்யலாம். வீக்கம் சில நாட்களில் வடியும். அறுபட்ட பாதை மீளாது. முதல் சில நாட்களில் ஈ.சி.ஜி.யைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதே பின்னால் வரும் காத்திருப்புச் சிக்கலின் வேர்.

இரண்டாவது வகை பொதுவானது: இதயத்தை நிறுத்திவைக்கப் பயன்படும் பொட்டாசியம் மிகுந்த குளிர்கரைசல், ரத்த ஓட்டம் தடைப்பட்டு மீளும்போது ஏற்படும் பாதிப்பு, பொட்டாசியம், மெக்னீசியம் ஏற்றத்தாழ்வு, பீட்டா பிளாக்கர், அமியோடரோன் போன்ற மருந்துகள். இவை பெரும்பாலும் மணிக்கணக்கிலோ ஓரிரு நாட்களிலோ சீராகும்.

பேஸிங் என்பது நின்றுபோன இதயத்துக்கு மட்டுமானதன்று. அறுவை முடிந்த முதல் நாளில் கீழறை விறைத்திருக்கும். ஒரு துடிப்பில் அது தள்ளும் ரத்தத்தின் அளவு எளிதில் கூடாது. அந்நிலையில் நிமிடத்துக்கு 60 என்ற துடிப்பை 80–90 ஆக்கினாலே உடலுக்குக் கிடைக்கும் ரத்தம் கூடலாம். எனவே ‘பேஸிங் தேவைப்பட்டது’ என்று ஓர் ஆய்வு சொல்லும்போது, அது உயிர்காப்பைக் குறிக்கிறதா, ரத்த அழுத்தத்தைச் சற்று மேம்படுத்தியதைக் குறிக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல ஆய்வுகள் அப்படிப் பிரிப்பதில்லை. அவற்றின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்லோருக்குமா, தேர்ந்தவர்களுக்கா

முதல் நிலைப்பாடு: எல்லோருக்கும் வைக்க வேண்டும். இதன் வாதம் வலுவானது. நெஞ்சு திறந்திருக்கும்போது கம்பி வைக்க ஓரிரு நிமிடமே ஆகும்; செலவும் குறைவு. நெஞ்சை மூடியபின் நள்ளிரவில் இதயம் நின்றால், கழுத்துச் சிரை வழியாகக் கம்பி செலுத்துவதற்குள் மூளை பாதிக்கப்படலாம். மேலும், மேலறைக் கம்பி நோயறியவும் உதவுகிறது. வேகமான துடிப்பின் வகை புரியாதபோது மேலறையின் மின்பதிவை நேரடியாக எடுத்துப் பார்க்கலாம். மேலறைப் படபடப்பு என்று தெரிந்தால், அதைவிட வேகமாகத் தூண்டி நிறுத்த முயலலாம்.

இரண்டாவது நிலைப்பாடு: ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் போதும். பைபாஸ் மட்டும் செய்துகொள்ளும் நோயாளிகளில் மிகப் பலருக்கு இக்கம்பி ஒருமுறைகூடப் பயன்படுவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், பைபாஸ் நோயாளிகளில் சுமார் 9 சதவீதத்தினருக்கே அறுவைக்குப் பின் பேஸிங் தேவைப்பட்டது. நீரிழிவு, முன்பே இருந்த தாளக் கோளாறு, இதய–நுரையீரல் இயந்திரத்திலிருந்து விலகும்போதே பேஸிங் தேவைப்பட்டமை ஆகிய மூன்றும் இல்லாதவர்களில் தேவை 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. வேறு தொகுப்புகள் முதுமை, முன்பே உள்ள கற்றைக்கிளைத் தடை, மறு அறுவை, நீண்ட இயந்திர நேரம் போன்றவற்றையும் சேர்த்துக்கொள்கின்றன. பயன்படாத கம்பியும் முற்றிலும் தீங்கற்றதல்ல. எடுக்கும்போது ரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றித் தேங்கலாம், புதிய ஒட்டுக்குழாய் கிழியலாம், தொற்று வரலாம், நோயாளி எழுந்து நடமாடுவதும் தாமதமாகலாம்.

இரு தரப்புக்கும் பலவீனங்கள் உண்டு. முதல் தரப்பு, தீங்கு அரிது என்பதைத் தீங்கே இல்லை என்பதுபோல் கருதிவிடுகிறது. இரண்டாவது தரப்பின் ஆபத்துக் காரணிகள் பெரும்பாலும் ஒற்றை மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளிலிருந்து வந்தவை. வேறோரிடத்தில் அதே துல்லியத்தோடு அவை பொருந்தும் என்று சொல்ல முடியாது. கம்பி வைத்ததன் பயனும் அரிது, அதன் கடும் தீங்கும் அரிது. இரண்டும் இவ்வளவு அரிதாக இருக்கும்போது, இறப்பில் வேறுபாடு உண்டா என்று காட்டும் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுக்குப் பல்லாயிரம் நோயாளிகள் வேண்டும்.

வால்வு அறுவையில் கருத்து வேறுபாடு குறைவு. அயோர்ட்டா, டிரைகஸ்பிட், பல வால்வு அறுவைகளில் மின்பாதை நேரடி ஆபத்தில் இருப்பதால், கீழறைக் கம்பியேனும் வேண்டும் என்பது பரவலான கருத்து. நிரந்தர பேஸ்மேக்கர் தேவையும் இதையே காட்டுகிறது: பைபாஸ் மட்டும் செய்தவர்களில் அது 1 சதவீத அளவில் அல்லது அதற்கும் கீழே, வால்வு அறுவைகளில் பல மடங்கு அதிகம்.

எந்த அறையைத் தூண்டுவது

கீழறையை மட்டும் தூண்டுவது நம்பகமானது. மேலறையும் கீழறையும் தொடர்பற்றுப் போனாலும் அது வேலை செய்யும். ஆனால் மேலறை சுருங்கிக் கீழறையை நிரப்பும் கடைசிப் பங்கு அதில் வீணாகிறது. இயல்பான இதயத்தில் அப்பங்கு வெளியேற்ற ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒன்று; அயோர்ட்டா வால்வுச் சுருக்கத்தால் தடித்து விறைத்த இதயத்தில் அதைவிடக் கூடுதல். அதனால், கணு வழியே செய்தி ஒழுங்காகக் கடக்கிறதென்றால் மேலறையை மட்டும் தூண்டும் ஏ.ஏ.ஐ. முறையும், கடக்கவில்லையென்றால் இரண்டையும் வரிசையாகத் தூண்டும் டி.டி.டி. முறையும் உடலியல்படி மேலானவை. நிரந்தர மேலறை நடுக்கம் உள்ளவர்களில் மேலறை ஒருங்கே சுருங்குவதில்லை என்பதால் அங்கே மேலறைக் கம்பியால் பயனில்லை. கீழறையைத் தூண்டும் வி.வி.ஐ. முறையே வழி.

இன்னொரு சிக்கல், வலது கீழறையைத் தூண்டும்போது அலை தசை வழியாக மெதுவாகப் பரவி, இடது கீழறையின் சுவர்கள் ஒருமிக்காமல் சுருங்குவது. நிரந்தரக் கருவிகளில் இத்தீங்கு தெளிவாகியுள்ளது. 2002-இல் வெளியான டேவிட் ஆய்வில், பலவீனமான இதயமுடையவர்களுக்கு வலது கீழறையைத் தேவைக்கு மேல் தூண்டிய குழுவில் இறப்பும் இதயச் செயலிழப்பால் நேர்ந்த மருத்துவமனைச் சேர்க்கையும் கூடின. அறுவைக்குப் பிந்தைய சில நாட்களுக்கு இதே முடிவு பொருந்துமா என்பது வேறு கேள்வி. கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினர் இரு கீழறைகளையும் தற்காலிகமாகத் தூண்டிப் பார்த்தபோது இதய வெளியேற்றம் ஓரளவு மேம்பட்டது. அந்த மேம்பாடு நோயாளி வீடு திரும்பும் நாளையோ உயிர்பிழைப்பையோ மாற்றும் என்பதற்கு இன்னும் போதிய சான்று இல்லை. இடது கீழறையில் கூடுதல் கம்பி என்பது எடுக்கும்போது கூடுதல் ஆபத்தும்கூட.

மேலறை நடுக்கத்தைத் தடுக்க முடியுமா

இதய அறுவைக்குப் பின் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு மேலறை நடுக்கம் வருகிறது. மேலறையைச் சற்று வேகமாகத் தொடர்ந்து தூண்டினால், முந்திவரும் தவறான துடிப்புகள் அடங்கும், நடுக்கம் தொடங்காது என்ற கருதுகோளில் 1990-களிலிருந்து பல ஆய்வுகள் நடந்தன. வலது மேலறை, இடது மேலறை, இரண்டும் சேர்ந்து, இரண்டையும் இணைக்கும் பாக்மன் கற்றை எனத் தூண்டும் இடங்களும் வேறுபட்டன. தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வுகள், இரு மேலறைகளையும் தூண்டுவதில் ஓரளவு பயன் தெரிவதாகக் கூறுகின்றன.

ஆனாலும் நடைமுறையில் இது வேரூன்றவில்லை. ஆய்வுகள் சிறியவை, பேஸிங் முறைகளும் பீட்டா பிளாக்கர் பயன்பாடும் ஆய்வுக்கு ஆய்வு மாறின. மேலறைக் கம்பி சில நாட்களில் உணர்திறன் இழந்தால், தவறான நேரத்தில் தூண்டி நடுக்கத்தைத் தானே உண்டாக்கவும் கூடும். இதற்கிடையே 2021-இல் லான்செட்டில் வெளியான பாலாக்ஸ் ஆய்வு, இதயவுறையின் பின்பக்க இடப்புறத்தில் சிறு திறப்பு செய்து தேங்கும் திரவத்தை வடித்தால் நடுக்கம் கணிசமாகக் குறைவதாகக் காட்டியது. இத்தகைய எளிய மாற்று கிடைத்திருக்கும்போது, தடுப்புக்காகவே மேலறை பேஸிங் என்ற கருத்து பின்னுக்குப் போவது இயல்பே.

கம்பி எத்தனை நாள் நம்பத்தக்கது

விவாதங்களில் குறைவாகப் பேசப்படுவதும், நோயாளியின் பாதுகாப்பை அதிகம் தீர்மானிப்பதும் அன்றாடப் பராமரிப்பு. கம்பியின் முனையைச் சுற்றி வீக்கமும் தழும்பும் உண்டாவதால், இதயத்தைத் தூண்டத் தேவைப்படும் மின்னோட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது. பெட்டிகள் தரக்கூடிய உச்ச அளவு பொதுவாக 20–25 மில்லி ஆம்பியர்தான். நான்காம் ஐந்தாம் நாளில் கணிசமான கம்பிகள், குறிப்பாக மேலறைக் கம்பிகள், தூண்டவோ உணரவோ தவறுகின்றன.

ஆகவே நாள்தோறும் மூன்றைப் பார்க்க வேண்டும். பேஸிங் வேகத்தை மெல்லக் குறைத்து, அடியில் நோயாளியின் சொந்தத் துடிப்பு எப்படி உள்ளது என்று அறிவது முதலாவது. திடீரென நிறுத்திப் பார்ப்பது ஆபத்து. மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து எந்த அளவில் இதயம் பதிலளிக்க மறுக்கிறது என்று கண்டு, அதைப்போல் இருமடங்கில் வைப்பது இரண்டாவது. உணர்திறனைச் சோதிப்பது மூன்றாவது. பெட்டி இதயத்தின் சொந்தத் துடிப்பை உணராவிட்டால், கீழறை மீளும் நொடியில் ஒரு தூண்டல் விழுந்து உயிரைப் பறிக்கும் கீழறை நடுக்கத்தைத் தொடங்கிவிடலாம். அளவுக்கு மீறி உணர்ந்தால், தசை அசைவையோ வேறு கருவியின் அலையையோ துடிப்பென்று எண்ணித் தூண்டாமல் இருந்துவிடும்.

வெளியே தொங்கும் முனையும் கவனத்துக்குரியது. அது இதயத் தசைக்கு நேர்வழி. தோல்மீது பட்டால் உணர்வதற்கே முடியாத அளவு கசிவு மின்சாரம், சுமார் 100 மைக்ரோ ஆம்பியர், இவ்வழியாகச் சென்றால் ஆபத்தாகலாம். பயன்படாத கம்பி முனையை மின்காப்பிட்டு மூடிவைப்பதும், கையுறையோடு தொடுவதும் செவிலியர்களின் கையில் உள்ள உயிர்காப்பு.

நிரந்தர பேஸ்மேக்கருக்கு எத்தனை நாள் பொறுப்பது

முழு ஹார்ட் பிளாக் நீடித்தால் என்ன செய்வது? சீக்கிரம் பொருத்தச் சொல்வோர், தற்காலிகக் கம்பி நாளுக்கு நாள் நம்பகம் இழப்பதையும், படுக்கை நாட்கள் நீள்வதையும் சுட்டுகிறார்கள். பொறுக்கச் சொல்வோர், நிரந்தரக் கருவி பொருத்தப்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். அவற்றில் கணிசமானோர், சில தொகுப்புகளில் பாதிக்கு அருகிலானோர், மாதங்கள் கழித்து அக்கருவியைச் சார்ந்திருக்கவில்லை.

வழிகாட்டுதல்களும் நகர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2013-இல் 7 நாள் வரை கவனித்துப் பார்க்கச் சொன்னது. 2021-இல் குறைந்தது 5 நாள் என்றது. அடியில் மாற்றுத் துடிப்பே இல்லாமலோ மிக மெதுவாகவோ இருந்து, மீள வாய்ப்பில்லை என்று தோன்றினால் அதற்கு முன்பே பொருத்தலாம் என்றும் சேர்த்தது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் கோளாறு மெதுவாகவே மீளும் என்பதால் அதற்கு ஆறு வாரம் வரை பொறுக்க இடம் தந்தது. வால்வில் கடும் தொற்றுக்காக அறுவை செய்து, மின்பாதை அழிந்திருக்க வாய்ப்பு மிகுந்த சில நோயாளிகளுக்கு அறுவை மேசையிலேயே நிரந்தர மேற்பரப்புக் கருவியைக் கருதலாம் என்கிறது. இவற்றில் பலவும் நிபுணர் ஒருமிப்பில் எழுந்தவை. ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையிலான கோடு ஒப்பீட்டு ஆய்வால் வரையப்பட்டதன்று.

எடுப்பதா, வெட்டிவிடுவதா

பெரும்பாலான மருத்துவர்கள், நோயாளி வீடு திரும்புவதற்கு ஒரு நாளேனும் முன்பாகக் கம்பியை மெல்ல இழுத்து எடுக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளின் அளவைப் பார்த்து, நோயாளியைப் படுக்கவைத்து, பிறகு சில மணி நேரம் ரத்த அழுத்தத்தையும் நாடியையும் கவனிப்பது பொதுவழக்கு. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கினால் அது பெரும்பாலும் அந்த நேரத்தில் தெரியவரும். இழுக்க வராத கம்பியை வலிந்து இழுப்பதைவிடத் தோல் மட்டத்தில் வெட்டி உள்ளே விட்டுவிடுவது பாதுகாப்பானது என்பதில் பரவலான உடன்பாடு உண்டு. சிலர் எல்லோருக்குமே வெட்டிவிடுகிறார்கள். விடப்பட்ட துண்டு பிற்காலத்தில் இடம்பெயர்ந்ததாகவும் தொற்றுக்கு இடமானதாகவும் வந்துள்ள தனிப்பட்ட நோயாளி அறிக்கைகள் அந்த வழக்கத்துக்கு எதிரான எச்சரிக்கை. எம்.ஆர்.ஐ. எடுக்க இத்துண்டுகள் பொதுவாகத் தடையாகக் கருதப்படுவதில்லை.

எஞ்சியிருப்பவை

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வால்வு அறுவையிலும் மறு அறுவையிலும் கம்பி வைப்பது நியாயமானது. ஆபத்துக் காரணிகள் இல்லாத பைபாஸ் நோயாளிக்கு அது கட்டாயமில்லை. ஆனால் கம்பி வைக்காமல் விடும் மருத்துவமனையில், தோல்வழி பேஸிங்கும் ரத்தக்குழாய்வழி பேஸிங்கும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். மேலறை ஒழுங்காகச் சுருங்கும் நோயாளியில் அதன் பங்கைக் காப்பது நல்லது.

திறந்திருக்கும் கேள்விகள் இவற்றைவிடப் பெரியவை. மீளும் பிளாக்கையும் மீளாததையும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே பிரித்தறிய வழி உண்டா? குறுகிய கால வலது கீழறைத் தூண்டல் பலவீனமான இதயத்துக்குத் தீங்கு செய்கிறதா? ஓர் ஊரின் ஆபத்துக் கணக்கீடு இன்னோர் ஊருக்குப் பொருந்துமா? கடைசிக் கேள்வி இந்தியாவுக்கு நேரடியானது. மேலே சொன்ன எண்களில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய முதியவர்களிடமிருந்து வந்தவை. இங்கே ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு இளம் அல்லது நடுவயதில் அறுவைக்கு வருவோர் இன்னும் பலர். அவர்களில் கணிசமானோருக்கு மேலறை நடுக்கம் ஏற்கெனவே உண்டு. முப்பது வயதில் தேவையின்றிப் பொருத்தப்படும் நிரந்தரக் கருவி, ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்று அறுவை என்று வாழ்நாள் முழுதும் தொடரும் சுமை. அத்தகைய நோயாளிக்கு இன்னும் சில நாள் பொறுப்பதன் மதிப்பு, எண்பது வயதினருக்கு உள்ளதைவிட அதிகமாக இருக்கலாம். அதை ஊகமாக விடாமல், நம் மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து அறிய வேண்டும்.

வைப்பதா வேண்டாமா என்ற வாதமே நெடுங்காலம் கவனத்தைப் பிடித்துக்கொண்டது. வைத்த கம்பி ஒவ்வொரு நாளும் சோதிக்கப்படுகிறதா, அதன் அளவுகள் எழுதப்படுகின்றனவா, எடுத்தபின் நோயாளி கவனிக்கப்படுகிறாரா என்ற கேள்விகள் அதே அளவு ஆராயப்படவில்லை. பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் வரும்வரை காத்திருக்காமல் இன்றே மேம்படுத்தக்கூடியது இந்தப் பகுதிதான். தவிர்க்கக்கூடிய தீங்கில் ஒரு பெரும்பங்கு இங்கேயே இருக்கக்கூடும்.